லைன்ல இருக்கியா, பேச்சி?

பேசித் தீராத என் பேச்சிக்கு,

நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இதுதான். நீ இருந்தவரை எழுத என்ன அவசியம் வந்தது? தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உன் ஸ்டூலும் என் ஸ்டூலும் முட்டிக்கொண்டு கிடந்தன. ஓய்வு பெற்ற பிறகு காலையில் காபிக்கு முன்னால் ஒரு போன், ராத்திரி படுக்கப் போகும் முன்னால் ஒரு போன். இப்போது நீ போயிருக்கிற இடத்துக்கு எந்த நம்பரும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அழுது வடிகிற கடிதம் என்று நினைத்துவிடாதே. சாவு விழுந்த துட்டி வீட்டில்கூட என் காதில் எதையாவது சொல்லி எனக்குச் சிரிப்பு மூட்டிவிட்டு, நீ மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வாய். அப்படிப்பட்டவளுக்கு அழுதுகொண்டு எப்படி எழுதுவது? அழ வேண்டியதை உன் வீட்டு வாசலிலேயே அழுது முடித்தாகிவிட்டது. இனி நல்ல சேதி மட்டும்தான்.

முதல் சேதி, நம் விளையாட்டில் ஒன்று கூடியிருக்கிறது. உன் மகள் செல்வி முந்தாநாள் என் செல்போனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள். "பெரியம்மா, ஆன்லைன்ல இருக்கீங்களா?" படித்ததும் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் கை போனது. ஊரில் உள்ள லைனை எல்லாம் ஓடி ஓடிச் சேர்த்தோமே, இது எப்படி நம் கணக்கில் வராமல் போனது? நீ இருந்திருந்தால், "கம்பியே இல்லாம இது என்னளா லைனு?" என்று கேட்டிருப்பாய்.

எனக்குப் பிறகு இதை எடுத்துப் படிக்கப் போகிறவர்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள். உனக்கே இன்னொரு தடவை கேட்கப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிச் சத்தத்தில் ஊரே உரக்கப் பேசப் பழகியிருந்தது. நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பா சாயர்புரத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காவது அர்த்தம் கேட்காமல் காபி டம்ளரைக் கையில் கொடுக்க விடமாட்டார். உன்னையும் விடவில்லை.

"ஏம்மா, டெலிபோன்ல வேலை பாக்குத. லைன்னா என்ன அர்த்தம்? சொல்லு பாப்போம்."

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எந்த லைனைக் கேக்கீங்க சார்? நான் குடியிருக்கது லைன் வீடு. வரிசையா பத்து வீடு, ஒரே குழாயி. எங்க அப்பா கருப்பட்டிச் சிப்பத்தோட போறது விளாத்திகுளம் லைன் பஸ்ல. கம்பத்துல ஏறுதவரு லைன்மேன். சீமெண்ணெய்க்கு நின்னா அதுவும் லைன். இதுல எது உங்களுக்கு வேணும்?"

"கோடும்மா. லைன்னா கோடு."

"அப்படியா சார்? அத மட்டும் நாங்க சொல்லுததே இல்லையே."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் அவர் சும்மா விடுகிற ஆளா? அடுத்த முறை நீ வந்தபோது அகராதியும் கையுமாகக் காத்திருந்தார். இங்கிலீஷ்காரனுக்குப் பாட்டின் அடியும் லைன், நெற்றிச் சுருக்கமும் லைன், வம்சாவளியும் லைன், பட்டாளம் அணிவகுத்து நிற்பதும் லைன், மேடையில் நடிகன் பேசுகிற வசனமும் லைன் என்று அடுக்கினார். நீ அசரவில்லை. "எங்க அப்பா கடைக்குச் சரக்கு போடுத ஏஜெண்டு ஊர் ஊரா ஆர்டர் எடுக்கப் போவாரு. அதுக்குப் பேரு லைனுக்குப் போறது. இது உங்க புஸ்தகத்துல இருக்கா?" என்றாய். அப்பா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு பென்சிலை எடுத்து அகராதி ஓரத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு பந்தயம். யார் புது லைன் கொண்டுவந்தாலும் மற்ற இருவரும் அவருக்கு நம் ஊர் முந்திரி மக்ரூன் வாங்கித் தர வேண்டும். 'நாலு லைன் நோட்டு' சொல்லி நான் ஒரு தடவை வாங்கினேன். மதுரையில் இருக்கிற தம்பியை 'ரெண்டு லைன் எழுதிப் போடுறான்னா போட மாட்டேங்கான்' என்று திட்டப்போய் அம்மா தன்னை அறியாமல் ஒரு தடவை ஜெயித்தாள். அவள் ஆட்டத்தில் சேரவே இல்லை என்று நீ வாதாடியது நினைவிருக்கிறதா? 'அவன் போற லைனே சரியில்ல' என்று நீ யாரையோ பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று அப்பா ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தார். கடைசியில் கொடுத்துவிட்டார்.

நம் பிழைப்பே லைன்தானே. முகத்துக்கு நேரே அந்தப் பெரிய மரப் போர்டு. அதில் துளை துளையாக ஊரின் நம்பர்கள். கூப்பிடுகிறவருடைய துளையில் ஒரு ப்ளக், அதன் ஜோடி ப்ளக் அடுத்தவருடைய துளையில். பேசி முடித்து ஒருவர் ரிசீவரை வைத்தால் ஒரு சின்ன விளக்கு எரியும். இன்னொருவரும் வைத்தால் பக்கத்து விளக்கும் எரியும். ரெண்டு விளக்கும் எரிந்த பிறகுதான் ப்ளக்கை உருவ வேண்டும். ஒன்று மட்டும் எரிந்தால், ஒருவர் வைத்துவிட்டார், மற்றவர் இன்னும் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எல்லாச் சட்டத்தையும் கேலி செய்கிற நீ, இந்த ஒன்றில் மட்டும் விளையாடியதில்லை. போர்டு முழுக்க விளக்குகள் கண்ணைச் சிமிட்டினாலும், மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றாலும், ஒத்தை விளக்கைக் கண்டால் உன் கை நின்றுவிடும். "இருளா, அங்கன ஒரு ஆளு இன்னும் நிக்காங்க" என்பாய்.

இன்னொரு சட்டம் என்னைப் பிடித்துக்கொண்ட சட்டம். லைன் போட்ட பிறகு சத்தமே இல்லையென்றால் சும்மா இருக்கக்கூடாது. உள்ளே நுழைந்து, "ஹலோ, லைன்ல இருக்கீங்களா? பேசுங்க" என்று கேட்டே ஆக வேண்டும். நாள் பூராவும் இதைச் சொல்லிச் சொல்லி, பஸ்ஸில் தூங்கி விழும்போதுகூட என் வாய் அதையே முணுமுணுக்கிறது என்று கேன்டீன் முழுக்கச் சொல்லி வைத்தாய். அப்போது கோபம் வந்தது. பின்னால் நடந்ததை நினைத்தால், நீ சொன்னது குறைவுதான்.

முகம் தெரியாத குரல்களுக்கெல்லாம் நீதான் பேர் வைப்பாய். உப்பளக்காரர் ஒருவர் 'இருமல்'. ஒரு மில் மேனேஜர் 'அப்புறம்'. ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து மெட்ராசுக்கும் கொச்சிக்கும் வெளியூர் டிரங்க் கால் பதிகிற இளம் குரலுக்கு 'அர்ஜென்ட்' என்று வைத்தாய். கப்பல் வந்தாலும் அர்ஜென்ட், வராவிட்டாலும் அர்ஜென்ட். "மேடம், கப்பல் வெளிய நிக்கி. கட் பண்ணிராதீங்க மேடம்." இந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் எந்த நாளையும் தொடங்குவார்.

ஒரு மழைக்காலத்தில் மெட்ராஸ் லைன் செத்துப் போனது. நான் திருச்சியைப் பிடித்து, அங்கிருந்து சுற்றி வளைத்து அவருக்கு மெட்ராசை வாங்கிக் கொடுத்தேன். பேசி முடித்ததும் எல்லாரும் டக்கென்று வைத்துவிடுவார்கள். அவர் வைக்கவில்லை. "மேடம், இருக்கீங்களா? ரொம்ப நன்றி" என்றார். போர்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு யாரோ சொன்ன முதல் நன்றி அது.

பக்கத்து ஸ்டூலில் உனக்குத்தான் பாம்புக் காதாயிற்றே. "ஏளா எஸ்தரு, உன் அர்ஜென்ட்டு உனக்கு லைன் போடுதான்."

"லைன் போடுதது நான். அதுக்குத்தான் சம்பளம் தாராங்க," என்றேன். ஆனால் காது சிவந்துவிட்டது. ஹெட்போன் அழுத்துகிறது என்று சொன்னேன். நீ நம்பினதுபோலத் தலையை ஆட்டினாய்.

அந்தச் சமயத்தில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் என்ன வேலை என்று கேட்கும்வரை எல்லாம் நன்றாகவே போகும். டெலிபோன் ஆபரேட்டர் என்றதும் வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிடுவார்கள். முகந்தெரியாத ஆம்பளைகளோடு நாள் பூராவும் பேசுகிற பெண், இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெண். சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேச, அம்மாவின் தூக்கம் போயிற்று. கடைசியில் சாத்தான்குளத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தூத்துக்குடியில்தான் வேலை பார்க்கிறான் என்று தரகர் சொன்னார். அம்மா இந்தத் தடவை உஷாராக, 'தபால் தந்தி இலாகாவில் வேலை' என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். நிச்சயம் ஆனதும் நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. அம்மா அழுதாள். நானும் சரி என்றுவிட்டேன்.

கேன்டீனில் உன்னிடம் சொன்னபோது நீ டீயை ஊதிக்கொண்டிருந்தாய்.

"ஏளா, வேலைய விட்டுட்டு நீ நல்லா இருப்பியா?"

"அம்மா அழுதா, பேச்சி."

"உங்க அம்மா கல்யாணம் ஆகாட்டாலும் அழுவா, ஆனாலும் அழுவா. நான் உன்னயத்தான் கேக்கேன்."

அந்தப் போர்டை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று வாயைத் திறந்து சொன்னால் அங்கேயே அழுதிருப்பேன். யாரோ எங்கோ பிள்ளை பெற்ற சேதியும், கப்பல் கரை வந்த சேதியும் நம் விரல் வழியாகத்தானே போயிற்று? நீ டீயைக் குடிக்காமலே எழுந்தாய். "என் பக்கத்து ஸ்டூல்ல வேற எவளையும் நான் உக்கார விடமாட்டேன், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதன் பிறகு பெண் பார்க்கிற நாள்வரை என்னோடு நீ சரியாகப் பேசவே இல்லை. நாம் பேசாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மாதான் எல்லாம். வெள்ளைச் சேலை, கையில் பைபிள், வாசலிலேயே வீட்டை ஒரு பார்வையில் அளந்துவிடுகிற கண். உட்கார்ந்ததும் அவரே ஜெபம் செய்தார். மழைக்காக, சபைக்காக, நோயாளிகளுக்காக என்று நீண்டுகொண்டே போன ஜெபம், பம்பாயில் இருக்கிற மூத்த மகனிடம் வந்தபோது கொஞ்சம் தடுக்கி நின்று, பிறகு போயிற்று. நான் அதைக் கவனித்தேன். குரலைக் கவனிக்கிறதுதானே நம் தொழில்?

ஆமென் சொன்னதும் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை. மாப்பிள்ளையின் செருப்பில்லாத கால் மட்டும் தெரிந்தது. "எய்யா, பொண்ணுகிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளு" என்று அவர் அம்மா சொன்னார்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். பேச்சு வரவில்லை. அப்பா பேசவில்லை, அம்மா பேசவில்லை, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த தரகர்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். சத்தமே இல்லை. பேச்சி, எனக்குத்தான் அது ஆகாதே. தலையைக் குனிந்தபடியே, ஹெட்போன் மாட்டியிருக்கும்போது வருகிற அந்தக் குரலில், என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா? பேசுங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது, அதுவும் தானாகத்தான்.

"இருக்கேன் மேடம். கட் பண்ணிராதீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்தக் குரலுக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. குரலில் இருந்த அவசரம் முகத்தில் கொஞ்சமும் இல்லை. காது ரெண்டும் என்னுடையதைவிடச் சிவந்திருந்தது.

"என்னது, ரெண்டு பேருக்கும் முன்னமே பழக்கமா?" அவர் அம்மா எழுந்தே விட்டார்.

"முகத்த இன்னைக்குத்தாம்மா பாக்கேன். குரல் தெரியும். டெலிபோன் ஆபரேட்டர் மேடம்."

"தபால் ஆபீசுன்னுல்லா சொன்னாங்க?"

"ரெண்டும் ஒரே இலாகாதான்," என்று அப்பா, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனின் குரலில் சொன்னார். அம்மா முந்திக்கொண்டாள். "வேலைய விட்டுருவாம்மா. இன்னைக்கே எழுதிக் குடுத்துருவா. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க."

அம்மா அதைச் சொன்ன நிமிஷம், ஆறிப்போன உன் டீ நினைவுக்கு வந்தது. "விடமாட்டேன்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் போர்டில் பழகிய குரலாயிற்றே, எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

போயிற்று என்றுதான் நினைத்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, இங்கன வா" என்றார். போனேன்.

"நீ லைன் போட்டா பம்பாய் வரைக்கும் போவுமா?"

"போகும்."

"என் மூத்தவன் அங்கன இருக்கான். போயி வருசக்கணக்காச்சு. கடுதாசி வருது, குரல் வரலை. போன்ல பேசலாம்மான்னு இவன் எத்தனையோ தடவை சொல்லிட்டான். கம்பிய நம்பி யாரு பேசுவா? அந்தப் பக்கம் பேசுதது என் மவன்தான்னு நான் என்னத்தக் கண்டேன்? இப்பதான் கம்பிக்கு நடுவுல இருக்க புள்ளையக் கண்ணால பாத்திருக்கேன்."

"அர்ஜென்ட் போட்டா சாயங்காலத்துக்குள்ள கிடைச்சிரும்மா," என்றேன். மாப்பிள்ளைக்கு ஏன் என் உதட்டில் சிரிப்பு வந்தது என்று புரியவில்லை. நீ அவருக்குப் பேர் வைத்த கதையைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவரிடம் சொன்னேன்.

பெண் பார்க்க வந்த கூட்டம் அப்படியே கிளம்பித் தந்தி ஆபீசுக்கு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முன்னால் அவர் அம்மா, பின்னால் என் அம்மா, கடைசியில் மக்ரூன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அப்பா. அன்று சாயங்கால டூட்டி உனக்கு. கவுண்டரில் இருந்த போனில் உன்னைக் கூப்பிட்டேன்.

"பேச்சி, பம்பாய்க்கு ஒரு அர்ஜென்ட். நம்ம அர்ஜென்ட்டோட அம்மா."

"என்னளா நடக்கு அங்கன? உன்னயப் பொண்ணு பாக்கத்தான வந்தாங்க?"

"பாத்தாச்சு. நீ லைனைப் போடு."

மூன்று நாளாகப் பேசாமல் இருந்தவள், வேறு எதுவும் கேட்கவில்லை. மதுரையை விரட்டி, மெட்ராசைக் கெஞ்சி, பம்பாயில் அந்த மகன் வேலை பார்க்கிற பட்டறையைப் பிடித்தாய். அதுவரை பெஞ்சில் ரெண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நடுவில் உட்கார்ந்து மக்ரூனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. அவர் அம்மா கண்ணாடிக் கூண்டுக்குள் போய் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தார். நான் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன். உள்ளே அவர் வாய் அசையவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. கூண்டுக்குள் நடந்தது உனக்குத்தான் கேட்டது. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் மகன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் செத்துப் போயிற்று என்று அவர் வைக்கப் போகும்போது நீ உள்ளே நுழைந்தாய். "சார், வச்சிராதீங்க. உங்க அம்மா இங்கனதான் நிக்காங்க. அழுதுக்கிட்டு இருக்காங்க. நீங்க பேசிக்கிட்டே இருங்க, அவங்க கேக்காங்க." அவர் பேசிக்கொண்டே இருந்தார். மூன்று நிமிஷம் ஆனதும் நீ மறுபடி நுழைந்து, "நேரம் ஆயிட்டும்மா, நீட்டவா?" என்று கேட்டாய். அந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீட்டு தாயி."

பிறகு, "எய்யா... சாப்ட்டியா?"

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. ஊரில் யார் செத்தார்கள், எந்தப் பசு ஈன்றது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் பம்பாய்க்குப் போயிற்று. தம்பிக்குப் பெண் பார்த்தாகிவிட்டது என்றும் சொன்னாராம். அதை நான் உன் வாயால் கேட்டபோது போர்டிலேயே உன்னைக் கட்டிப்பிடித்தேன். மேற்பார்வையாளர் முறைத்தார்.

மகன் வைத்த பிறகும் அவர் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உனக்கு ஒத்தை விளக்கு எரிந்திருக்கிறது. எத்தனையோ லைன்கள் காத்திருந்தன. நீ உருவவில்லை. அவராக வைக்கிறவரை விட்டுவைத்தாய்.

கூண்டைவிட்டு வெளியே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் அம்மாவைப் பார்த்து அவர் சொன்னதை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம். "இந்தா பாருங்க, இவ வேலைய விட்டா இந்தச் சம்பந்தம் கிடையாது. அடுத்த மாசமும் எனக்குப் பம்பாய் வேணும்." கவுண்டர் போன் அடித்தது. நீதான்.

"லைன் கிளியராளா?"

"கிளியர்," என்றேன். ரயில்வேக்காரர்களிடமிருந்து நாம் எடுத்து வைத்திருந்த லைன் அது. உனக்கு அதற்கு ஏற்கெனவே மக்ரூன் கொடுத்தாயிற்று. ஆனாலும் அன்று மறுபடி கொடுத்தேன்.

அந்த ஸ்டூலில் நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தேன். என் மாமியார் இருந்தவரை மாதம் தவறாமல் பம்பாயோடு பேசினார். 'கம்பிக்குள்ள இருக்க தாயி'யைப் பார்க்க உன் லைன் வீட்டுக்கே கருப்பட்டிப் பணியாரம் கொண்டு வந்தார். நீ மட்டும் குறைந்தவளா? கம்பம் ஏறுகிற லைன்மேனையே கட்டிக்கொண்டாய். "இனி லைன் கெட்டுப்போச்சுன்னா வீட்டுலயே ஆளு இருக்கு" என்று பெருமை வேறு.

இப்போதைய சேதி கேள். நம் போர்டு எப்போதோ போய்விட்டது. புதுத் துறைமுகம் பழசாகி, இப்போது சரக்கெல்லாம் பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறுகிறது. உன் அர்ஜென்ட் நலம். துண்டு வேண்டுமென்றாலும் குளியலறையிலிருந்து "எஸ்தர், அர்ஜென்ட்" என்றுதான் கூப்பிடுகிறார். நான் நிதானமாகத்தான் போகிறேன். அப்பாவின் அகராதி என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் நிறைந்துவிட்டதால், பக்கத்தின் அடியில் 'ஆன்லைன் - செல்வி' என்று நேற்று எழுதி வைத்தேன். அவளுக்கு மக்ரூனும் வாங்கிக் கொடுத்தாயிற்று. எதற்கு என்று கேட்டாள், முழுக் கதையையும் சொன்னேன். உன் சிரிப்பு அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, உனக்குத் தெரியுமா?

நீ ஜெயித்த கடைசி மக்ரூன் மட்டும் என்னிடமே இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அன்று ராத்திரி நீ கூப்பிட்டாய். குரல் இறங்கியிருந்தது, ஆனால் சிரிப்பு இறங்கவில்லை. "ஏளா எஸ்தரு, புதுசு ஒண்ணு பிடிச்சிட்டேன். கையில ஊசியக் குத்தி டியூப மாட்டுதாங்கல்லா, அதுக்குப் பேரும் லைனாம். நர்சு சொல்லுதா, லைன் போடணும் பாட்டின்னு. வாழ்நாள் பூரா நான் ஊருக்குப் போட்டேன், இப்ப எனக்குப் போடுதாங்க. மக்ரூன் எடுத்து வை."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு நர்சைப் பற்றி எதையோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாய். சத்தமே இல்லை. பழக்கம் விடுமா? "லைன்ல இருக்கியா, பேச்சி?" என்று கேட்டேன். உன் மூச்சு மட்டும் கேட்டது. தூங்கிவிட்டாய். நான் வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் செல்வி போனை எடுத்து, "பெரியம்மா, அம்மா தூங்கிட்டாங்க. நான் கட் பண்ணிருதேன்" என்றாள். விடிவதற்குள் அவளே மறுபடி கூப்பிட்டாள்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன், பேச்சி. அன்று ராத்திரி லைனை வெட்டியது செல்வியின் விரல். நீ வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நம் போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. விளக்கு எரியாத லைனை உருவக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே?

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். காலையில் காபிக்கு முன்னால் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகும் முன்னால் ஒரு தடவை உன்னிடம் பேசுவேன். செல்வியின் சேதி, ஊர்ச் சேதி, புது லைன் அகப்பட்டால் அதுவும் சொல்வேன். நீ பதில் சொல்லாவிட்டால் தூங்குகிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். என் பக்கத்து ரிசீவரை நான் வைக்கமாட்டேன்.

உன் மகளுக்குப் பெரியம்மாவும்
உன் பக்கத்து ஸ்டூல்காரியுமான
எஸ்தர்